ரசீதில் ஒரு வரி

எட்டாம் வகுப்பில் ஒருநாள், "நம்ம ஊர் நூலகத்துக்குப் போயிருக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். முப்பத்திரண்டு பேரில் நான்கு கைகள்தான் உயர்ந்தன. கடலூர் – சிதம்பரம் சாலையை ஒட்டிய எங்கள் பள்ளியிலிருந்து கிளை நூலகம் பத்து நிமிட நடை. மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "வாசல் வரைக்கும் போனேன் சார். பெரியவங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. உள்ள போனா ஏதாவது சொல்லுவாங்களோன்னு திரும்பிட்டேன்."

அந்தப் பதில் என்னை உறுத்தியது. நூலகத்துக்குப் போங்கள் என்று ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். அது யாருடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த நாள் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னேன். பன்னிரண்டு பேர் கொண்டுவந்தார்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் அதில் சேர்ந்திருக்கும். நாமே அதைக் கவனிப்பதில்லை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. சதவீதம் நடத்திக்கொண்டிருந்த நேரம், வசதியாகப் போயிற்று. 80 ரூபாய் வீட்டு வரிக்கு 8 ரூபாய் நூலக வரி என்று அவர்களே கணக்கிட்டார்கள். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, அதிலிருந்துதான் புத்தகமும் நாளிதழும் நம் ஊருக்கு வருகின்றன என்று விளக்கினேன். வாசல் வரை போய்த் திரும்பியவன் கேட்டான்: "அப்ப, எங்க அம்மா கட்டுன காசும் அங்க இருக்கா சார்?"

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணித ஆசிரியர் இருக்கிறார். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் ஆற்றைத் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவரும் சென்னை நூலகச் சங்கமும் பல ஆண்டுகள் முயன்றதன் பயன், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். நூலக வரி அதன் வழியே வந்தது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. சொல்ல வேண்டாத செய்திபோலத் தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். நம் பள்ளிகளில் பூட்டிய பீரோக்களை நினைத்துக்கொண்டேன். என் வகுப்பு பீரோவும் அதில் அடக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் பதினைந்து பேரை அழைத்துப் போனேன். 'அமைதி காக்கவும்' என்று நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு மூலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். நீள மேசையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள். அவர்களில் ஒருவர், கண்ணாடியை மறந்து வந்தவர், எங்கள் மாணவி ஒருத்தியிடம் நாளிதழை நீட்டி, "இதை வாசிச்சுக் காட்டும்மா" என்றார். அரை மணி நேரம் வாசித்தாள். வகுப்பில் நான்கு வரிக்கு மேல் வாசிக்கத் தயங்குகிறவள் அவள்.

அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை. 'என்ன படித்தாய், சுருக்கம் எழுது' என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். உறுப்பினர் படிவம் நிரப்ப மட்டும் உதவினேன். வாசலில் திரும்பியவன் கடல் மீன்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துப் போனான். படிக்கத் தெரியாத அவன் அம்மா, படங்களைப் பார்த்து இரண்டு மீன்களுக்கு ஊரில் வழங்கும் பெயர் வேறு என்று திருத்தினாராம்.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இதைச் சொல்ல மறந்தது என் தவறு. சென்ற மாதம் பள்ளி விடுமுறை ஒன்று வெள்ளியில் வந்தது. அடுத்த வேலைநாளில் அவன் நேராக என்னிடம் வந்து நின்றான்.

"பூட்டியிருக்கு சார். நாமதான் வரி கட்டியிருக்கோம்ல?"