அன்றன்றைக்கு வேண்டிய நம்பிக்கை

இவ்வாரக் கலந்துரையாடலில் நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம்'. அரங்கில் ஓர் அன்பர் எழுந்து கேட்டார்: "கர்த்தரை நம்புங்கள் என்று ஆலயத்தில் சொல்கிறார்கள். எனக்கு வேலை போய்விட்டது. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். இந்த நிலையில் நம்பிக்கை எங்கிருந்து வரும்?"

நியாயமான கேள்வி. விசுவாசம், பயன்படுத்தப் பயன்படுத்த வளர்வது. சிறு காரியங்களில் நம்பிப் பழகியவருக்கே பெரிய இக்கட்டில் அது கைகொடுக்கும்.

விவிலியத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற உணவு கிடைத்தது. அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் சேர்க்கச் சொன்னார் கடவுள். மறுநாளுக்கென்று சிலர் பதுக்கியது புழுத்துப்போனது. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டுமே இரண்டு நாள் உணவைச் சேர்க்க அனுமதி இருந்தது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமும் அன்றைய அப்பத்தைத்தான் கேட்கிறது.

இதை வாழ்ந்து காட்டியவர் ஜார்ஜ் முல்லர். 1805ல் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தில் போதகரானவர். 1830ல் தமக்கிருந்த நிலையான சம்பளத்தை விட்டுக்கொடுத்தார். தேவைகளை மனிதரிடம் கேட்காமல் ஜெபத்தில் மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தார். முதலில் தம் வீட்டுச் சாப்பாட்டுக்காக நம்பினார். 1836ல் பிரிஸ்டல் நகரில் 30 பெண் பிள்ளைகள் தங்கும் அளவுக்கு அனாதை இல்லம் தொடங்கினார். 1849ல் 300 பிள்ளைகளுக்கான கட்டடம் எழுந்தது. 1870க்குள் ஐந்து கட்டடங்களில் 2,000 பேருக்கு மேல் இடமிருந்தது. 1898ல் அவர் மறைந்தார். ஒவ்வொரு படியிலும் முந்திய படியின் அனுபவம் அவரைத் தாங்கியது.

அப்படியானால் சும்மா உட்கார்ந்து ஜெபித்தால் போதுமா? முல்லர் அப்படி இருக்கவில்லை. கடனுக்குப் பொருள் வாங்கவில்லை. வரவு செலவுக் கணக்கைத் துல்லியமாக எழுதி, ஆண்டுதோறும் வெளியிட்டார். நாமும் ஜெபித்துவிட்டு வேலைக்கு மனுப்போட வேண்டும். சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. தகுதியுள்ளவர்கள் குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வங்கியிடம் நிலைமையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவை விசுவாசக் குறைவு ஆகா.

யாரிடமும் கேட்காதிருந்தது முல்லர் தமக்கென்று எடுத்த முடிவு. எல்லாரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்கிறது கலாத்தியர் நிருபம். கஷ்டத்தைப் போதகரிடமோ ஜெபக் குழுவிடமோ சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

கேட்டது எல்லாம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. உடலில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார், அது நீங்கவில்லை. அதைத் தாங்கும் பெலன் கிடைத்தது. 1835ல் முல்லரின் சின்னஞ்சிறு மகன் இறந்துபோனான். மறு ஆண்டுதான் பிறர் பிள்ளைகளுக்காக அவர் கதவைத் திறந்தார். இழப்பு வந்த பிறகும் கடவுளோடு நடப்பதற்குத்தான் விசுவாசம் என்று பெயர்.

இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இன்று எதற்காக ஜெபித்தோம், எது கிடைத்தது, எது இன்னும் வரவில்லை என்று மூன்று வரி எழுதுங்கள். முல்லரும் ஜெபங்களைக் குறித்து வைத்தவர்தான். சில மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், நாம் மறந்துபோன உதவிகள் கண்ணில் படும்.

கேள்வி கேட்ட அன்பருக்கு என் பதில் இதுதான்: முப்பது ஆண்டுக் கடனையும் இன்றிரவே சுமக்காதீர்கள். நாளைக் காலையில் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் குறித்துக்கொண்டு, ஜெபித்துவிட்டுத் தூங்குங்கள். மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.