கார் கண்ணாடிக்கு "50 பிலிம்" ஒட்டினாலும் மாட்டிக் கொள்வீர்கள்! கணக்கு இதுதான்

கார்க்காரர்களே! வெயில் தாங்கவில்லை என்று கண்ணாடிக்கு பிலிம் ஒட்டக் கிளம்பி விட்டீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். கணக்குத் தெரியாமல் ஒட்டினால் பணமும் போகும், பிலிமும் போகும்.

மத்திய மோட்டார் வாகன விதி 100 சொல்வது இது: முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பக்கத்துக் கண்ணாடிகளில் 50 சதவீதம்.

சுப்ரீம் கோர்ட்டு

கறுப்புக் கண்ணாடி காருக்குள் ஆளைக் கடத்தினாலும், பெண்ணிடம் அத்துமீறினாலும் வெளியே தெரியாது. அதனால் 2012 ஏப்ரல் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, எந்த அளவு பிலிமும் கூடாது என்று உத்தரவிட்டது. அபராதம் போடுவதோடு பிலிமை உரிக்கவும் போலீசாருக்கு அதிகாரம் கொடுத்தது. "இசட்", "இசட் பிளஸ்" பாதுகாப்பில் உள்ள பிரமுகர்களுக்கு மட்டுமே விலக்கு.

2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் விதி மாறியது. பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடம் கிடைத்தது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள ஐகோர்ட்டு, 70-50 அளவுக்குள் இருந்தால் பிலிம் ஒட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது கேரளத் தீர்ப்பு. அதை மட்டும் நம்பிச் சென்னை ரோட்டில் வாதாடப் போகாதீர்கள்.

எங்கே இடிக்கிறது?

கம்பெனிக் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கும். உதாரணமாக 75 சதவீதம் விடுகிற பக்கத்துக் கண்ணாடி என்று வையுங்கள். அதன் மேல் "50" பிலிம் ஒட்டினால் மிச்சம் 37.5 சதவீதம்தான். "சட்டம் 50 தானே சார், நானும் 50 தானே ஒட்டினேன்?" என்றால் மீட்டர் கேட்காது! முன் கண்ணாடியில் "70" பிலிம் ஒட்டினாலும் 52.5-தான் தேறும். வேண்டியது 70.

சட்டம் 177-வது பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி சிக்கினால் 1,500 ரூபாய் வரை அபராதம்.

என்ன செய்யலாம்?

கம்பெனியில் வந்த கண்ணாடியை அப்படியே விட்டால் வம்பே இல்லை. காரை நிறுத்தும்போது மட்டும் மறைப்பு வையுங்கள். ஒட்டியே ஆக வேண்டுமென்றால், ஒட்டிய பிறகு மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த அளவைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கறுப்பாக இருந்தால்தான் குளுகுளு என்பதும் தப்பு. வெப்பத்தைத் தடுக்கும் வெளிர் நிறப் பிலிமும் உண்டு. ராத்திரி மழையில் குறுக்கே வரும் சைக்கிள்காரர் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?