கையடக்கச் சட்ட அகராதி வாங்கத் தக்கதா?

சொற்பொருள் அறிய அகராதி துணை செய்யும் என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் எல்லாச் சொற்களுக்கும் எல்லா அகராதிகளும் பொருள் கூறிவிடமாட்டா. துறைக்குத் துறை சொல்லின் பொருள் வேறுபடும். அவ்வேறுபாடு பொருட்கேட்டையும் மனத்துயரையும் விளைவிக்கக்கூடிய துறை சட்டத்துறையாகும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழாசிரியர் பள்ளிக்கு வெளியேயும் ஆசிரியராகவே இருக்கிறார். வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், வழக்கறிஞர் அறிவிப்பு ஆகியவற்றைக் கையில் ஏந்தி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்போர் இன்றும் உளர். அவ்வேளையில் உதவும் என்று கருதிக் கையடக்கமான ஆங்கிலச் சட்ட அகராதி ஒன்றை வாங்கலாமா என்பது பலர் உள்ளத்தில் எழும் வினா. வாங்கலாம் என்பதே நம் விடை. ஆனால் அந்நூல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முன்னரே அறிந்து வாங்குதல் வேண்டும்.

பழகிய சொல்லே இடர் தரும்

சட்ட நூலைப் புரட்டுவோர் இலத்தீன் சொற்களைக் கண்டு அஞ்சுவர். உண்மையில் அவற்றால் பெருந்தீங்கு விளைவதில்லை. 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்ற தொடரைக் கண்டவுடனே, இது நமக்குத் தெரியாத சொல் என்று உணர்கிறோம், பொருள் தேடுகிறோம். தெரிந்த சொல் போலத் தோன்றி வேறு பொருள் தரும் சொற்களே நம்மை ஏமாற்றுகின்றன.

'கன்சிடரேஷன்' என்றால் பரிவு, ஆலோசனை என்று பள்ளியில் கற்கிறோம். ஒப்பந்தச் சட்டத்தில் அது ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் தரும் மறுபயனைக் குறிக்கும். 'சர்வீஸ்' என்பது தொண்டு அன்று. வழக்குத் தாளை உரியவரிடம் முறைப்படி சேர்ப்பித்தல். 'எக்ஸிக்யூஷன்' என்பது தூக்குத் தண்டனை மட்டுமன்று. பத்திரத்தில் முறைப்படி கையெழுத்திட்டு நிறைவேற்றுதலும் அதுவே, தீர்ப்பின்படி பணத்தையோ பொருளையோ வசூலித்தலும் அதுவே. 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று தலைப்பிட்ட கடிதத்தைக் காண்போர், நம்மிடம் வெறுப்பின்றி எழுதியிருக்கிறார் என்று மகிழ்ந்துவிடக் கூடும். சமரசத்தின் பொருட்டு எழுதப்படும் இக்கடிதத்தில் உள்ளதை, எழுதியவரின் ஒப்புதலாகப் பின்னர் வழக்கில் காட்டக்கூடாது என்பதே அத்தொடரின் கருத்து.

இந்நிலை தமிழறிந்தார்க்குப் புதிதன்று. 'வழக்கு' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலக்கண ஆசிரியர்க்கு அது உலக வழக்கு, செய்யுள் வழக்கு. நீதிமன்றத்தில் அது வாதியும் பிரதிவாதியும் தொடுக்கும் வழக்கு. 'எச்சம்' இலக்கணத்தில் முற்றுப்பெறாத சொல். வேறிடத்தில் ஒருவர் விட்டுச் செல்லும் மக்களையும் புகழையும் குறிக்கும். ஒரு துறையின் பொருளை மற்றொரு துறையில் ஏற்றினால் பிழை நேரும் என்பதை வகுப்பறையில் நாள்தோறும் கற்பிப்பவர்க்கு, சட்ட அகராதியின் தேவை எளிதில் விளங்கும்.

சட்ட அகராதி தோன்றிய வகை

ஆங்கிலேயரின் சட்டம் நெடுங்காலம் ஆங்கிலத்தில் வழங்கவில்லை. நார்மானியர் வெற்றிக்குப் பின் பிரெஞ்சும் இலத்தீனும் வழக்குமன்றங்களை ஆண்டன. நீதிமன்ற ஏடுகள் முழுமையும் ஆங்கிலத்திலேயே எழுதப்படவேண்டும் என்ற நிலை 1733ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. நம் தமிழ்நாட்டு நீதிமன்றப் பேச்சில் வக்கீல், ஜாமீன், தாவா, வாய்தா, பைசல் முதலிய பிறமொழிச் சொற்கள் முன்னைய ஆட்சிகளின் வழியே புகுந்து நிலைத்தது போலவே, ஆங்கிலச் சட்டத்திலும் பிரெஞ்சு, இலத்தீன் சொற்கள் நிலைத்தன. அவற்றை விளக்க 16ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே ஜான் ரஸ்டெல் என்பார் சட்டச் சொல் விளக்க நூலொன்றை அச்சிட்டார்.

அகராதியின் ஒரு சொல் எத்துணைப் பெரும் பூசலை விளைக்கும் என்பதற்கு, கேம்பிரிட்ஜில் பேராசிரியராயிருந்த ஜான் கவல் என்பாரின் நூல் சான்றாகும். 1607இல் அவர் வெளியிட்ட சட்ட அகராதியில் 'அரசன்', 'பாராளுமன்றம்' ஆகிய சொற்களுக்கு எழுதிய விளக்கம், மன்னனைச் சட்டத்துக்கு மேலானவனாக்குகிறது என்று பாராளுமன்றத்தார் கொதித்தெழுந்தனர். 1610இல் அரச கட்டளையால் அந்நூல் தடுக்கப்பட்டது. சட்டச் சொல்லுக்குப் பொருள் கூறுதல் உரிமையின் எல்லையைக் கூறுவதாகும் என்பதை அன்றைய மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

பிணையாளி ஒருவரின் நிலை

இனி நம் இல்லங்களில் நிகழும் ஒன்றைக் காண்போம். உறவினர் மகனின் படிப்புக் கடனுக்கோ, நண்பரின் கார்க் கடனுக்கோ பிணையாளியாகக் கையெழுத்திடும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. "பெயருக்குத்தான் கையெழுத்து" என்ற சொல்லை நம்பிக் கையெழுத்திடுகின்றனர். பத்திரத்திலோ 'ஜாயிண்ட்லி அண்டு செவரலி' என்ற தொடர் காணப்படுகிறது. பொது அகராதியில் இச்சொற்களைத் தனித்தனியே தேடினால், 'கூட்டாக', 'தனியாக' என்று கிடைக்கும். பிணை நின்றவர் மூவர் என்றால் கடனில் மூன்றில் ஒரு பங்கே தம்மைச் சாரும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

கையடக்கச் சட்ட அகராதி இங்கே தன் விலையை ஈடுசெய்துவிடும். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்றவர்களுள் எவர் ஒருவரிடமிருந்தும் கடன் முழுவதையும் கோரலாம் என்று அது சில வரிகளில் தெளிவாக உரைக்கும். அவ்வாறு செலுத்தியவர் ஏனையோரிடம் பங்கு கேட்கலாம். ஆனால் கடன் கொடுத்தவர்க்கு அதைப் பற்றிய கவலை இல்லை. கையெழுத்திடுமுன் இச்செய்தியை ஒருவர் அறிவாரேல், அவர் வீடும் சேமிப்பும் காக்கப்படும்.

எனினும் அதே பிணையாளியின் நிலையில் அகராதி கூறாத மற்றொன்றும் உண்டு. மலேசியாவில் 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், 'சமூகப் பிணையாளி' என்றொரு வகையினரை வகுத்தது. இலாபம் கருதாமல், கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் தவணைக் கொள்முதலுக்கோ, தாம் குடியிருக்கும் வீட்டுக்காகப் பிறர் வாங்கும் கடனுக்கோ பிணை நின்றவர் இவ்வகையினர். இத்தகையோரை நொடித்தவராக்கும் நடவடிக்கையைக் கடன் கொடுத்தவர் தொடுக்க இயலாது. கடனைச் செலுத்தும் பொறுப்பு மட்டும் நீங்குவதில்லை. இலண்டனிலோ அமெரிக்காவிலோ அச்சான சிறு அகராதியில் இந்த விளக்கத்தைத் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. மலேசியச் சட்டத்தின் பொருள்விளக்கப் பிரிவில்தான் அது உள்ளது.

எந்நாட்டு அகராதி?

ஆகவே வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்நாட்டுச் சட்டத்தைக் கூறுகிறது என்பது. கடைகளில் காணப்படும் கையடக்க நூல்களுள் 'பிளாக்ஸ்' அகராதியின் சிறு பதிப்பு பெயர் பெற்றது. ஹென்றி கேம்பல் பிளாக் என்பார் 1891இல் வெளியிட்ட பெருநூலின் வழித்தோன்றல் அது. அதன் பெரும் பதிப்பு ஏறத்தாழ 2000 பக்கம் கொண்டது. தோளில் சுமப்பது கடினம். சிறு பதிப்பைப் பையில் கொண்டு செல்லலாம். விளக்கங்கள் சுருக்கமும் தெளிவும் உடையவை. ஆயினும் அது அமெரிக்கர்க்காக எழுந்த நூல். பெருங்குற்றத்தைக் குறிக்கும் 'ஃபெலனி' என்ற சொல் அங்கு உயிரோடிருக்கிறது. இங்கிலாந்து அப்பாகுபாட்டை 1967இல் நீக்கிவிட்டது. ஜூரி முறை பற்றிய சொற்கள் அதில் நிரம்ப உண்டு. சிங்கப்பூர் ஜூரி முறையை 1969இலும், மலேசியா 1995இலும் கைவிட்டுவிட்டன.

ஆங்கில நாட்டு நூல்கள் நமக்கு அண்மையானவை. 1927இல் முதன்முதல் வெளிவந்த 'ஆஸ்போர்ன்' சுருக்க அகராதியும், 1983 முதல் வெளிவரும் ஆக்ஸ்ஃபோர்டு சட்ட அகராதியும் இவ்வகையின. நம் இரு நாட்டுச் சட்டங்களும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வழிவந்தவையாதலின், இவற்றின் விளக்கங்கள் பெரும்பாலும் பொருந்தும். பெரும்பாலும் என்றோமேயன்றி முற்றும் என்றோமில்லை.

எடுத்துக்காட்டு ஒன்று காண்க. வாக்குறுதி தருவதற்கு முன்பே செய்து முடித்த செயல் மறுபயன் ஆகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பொது விதி. ஆங்கில அகராதியில் இதுவே இருக்கும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமோ 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. வாக்குறுதி தருபவரின் விருப்பத்தின்படி முன்னர்ச் செய்த செயலும் மறுபயனாகும் என்று அதன் 2ஆம் பிரிவு கூறுகிறது. குற்றவியலிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்ற குற்றம், இந்தியாவின் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்து இங்கு வந்தது. ஆங்கில நூலில் அதற்கு நிகராக 'மேன்ஸ்லாட்டர்' என்பதையே காண்போம். இரண்டும் நெருங்கியவை, ஒன்றல்ல.

'மைனர்' என்ற எளிய சொல்லும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 18 வயது நிரம்பாதவர் மைனர். மலேசியாவிலும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை வயது 18 ஆகும். ஆயினும் முஸ்லிமல்லாதார் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் மணம் புரியப் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். சிங்கப்பூரில் பொதுவில் உரிமை வயது 21. எனினும் 2009 முதல் 18 வயது நிரம்பியோர் சில விலக்குகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மகளின் திருமணப் பதிவுக்கோ மகனின் ஒப்பந்தத்துக்கோ ஆங்கில அகராதி ஒன்றையே நம்பிச் சென்றால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எந்த ஆண்டுப் பதிப்பு?

இரண்டாவது கேள்வி பதிப்பைப் பற்றியது. பழைய இலக்கிய அகராதிக்கு மதிப்புக் கூடும்; பழைய சட்ட அகராதிக்கு மதிப்புக் குறையும். வழக்குத் தொடுப்பவரைக் குறிக்கும் 'பிளெயிண்டிஃப்' என்ற சொல்லை இங்கிலாந்து 1999இல் கைவிட்டு 'கிளெயிமெண்ட்' என்றது. சிங்கப்பூர் 2022 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த நீதிமன்ற விதிகளில் அவ்வாறே மாற்றியது. 'ரிட் ஆஃப் சம்மன்ஸ்' என்பதும் வேறு பெயர் பெற்றது. மலேசியாவில் பழைய சொற்களே நிலவுகின்றன. பழைய நூல்களைத் தேடுவோர்க்கு ஒரு நன்மையும் உண்டு: முன்னைய பத்திரங்களையும் உயில்களையும் படிக்க அவை உதவும். அன்றாடத் தேவைக்குப் புதிய பதிப்பே வேண்டும். பாதி விலையில் கிடைக்கிறது என்று இருபது ஆண்டுக்கு முந்திய நூலை வாங்குதல் சிக்கனமாகாது.

மலேசிய வாசகர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அரசாங்கத் தாள்களும் நீதிமன்றத் தாள்களும் பெரும்பாலும் மலாய்மொழியில் வருகின்றன. 'பெஞ்சாமின்' என்ற மலாய்ச் சொல் கடனுக்குப் பிணை நிற்பவரையும் குறிக்கும், கைதானவரை ஜாமீனில் எடுப்பவரையும் குறிக்கும். ஆங்கில அகராதியோடு ஆங்கில–மலாய்ச் சட்டச் சொற்பட்டியலும் இருந்தால்தான் பணி நிறைவுறும்.

பயன்படுத்தும் முறை

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூல் எதற்கு என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வியே. இரு நாட்டுச் சட்டங்களின் வாசகமும் அரசாங்க வலைத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டினால் எந்நாட்டு விளக்கம் முதலில் வந்து நிற்கும் என்று கூற இயலாது. நல்ல அகராதியிலோ நாடும் பதிப்பாண்டும் முன்பக்கத்திலேயே தெரியும். ஒரு சொல் அதனோடு தொடர்புடைய பிற சொற்களுக்கு வழிகாட்டும்.

எனவே முறை இதுவாகுக: முதலில் கையடக்க அகராதியில் சொல்லின் பொதுக் கருத்தை அறிக. அடுத்து, அத்தாளில் குறித்துள்ள சட்டத்தின் பெயரைக் கண்டு, அச்சட்டத்தின் பொருள்விளக்கப் பிரிவைப் படிக்க. அது பெரும்பாலும் 2ஆம் பிரிவாக இருக்கும். சட்டம் தானே ஒரு சொல்லுக்குப் பொருள் வகுத்திருந்தால் அகராதி அங்கே வாய் திறக்கலாகாது. பின்னரும் ஐயம் நிற்குமாயின் வழக்கறிஞரை நாடுக. பொருள் வசதியற்றோர்க்குச் சிங்கப்பூரில் 1958 முதல் சட்ட உதவிப் பணியகம் உள்ளது. மலேசியாவிலும் அரசாங்கச் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் உதவி நிலையங்களும் உண்டு.

ஒன்றை வற்புறுத்திக் கூற வேண்டும். நீதிமன்றத் தாள் ஒருவர் கையில் சேர்ந்த நாளே கணக்குத் தொடங்கிவிடுகிறது. மலேசியாவில் 'ரிட்' பெற்றவர் 14 நாளுக்குள் தம் வருகையைப் பதிவு செய்யாவிடில், அவர் இன்றியே தீர்ப்பளிக்கப்படலாம். அத்தாளை எடுத்து வரும் பெரியவரிடம் சொல்லுக்குச் சொல் பொருள் கூறிக்கொண்டிருப்பதிலும், அதில் உள்ள தேதியைச் சுட்டிக்காட்டி, உரிய இடத்துக்கு அன்றே அனுப்பி வைப்பது பேருதவியாகும்.

கையடக்கச் சட்ட அகராதி வழக்கறிஞரின் இடத்தை நிரப்பாது. ஆனால் வழக்கறிஞரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அறிவிக்கும். கையெழுத்திடுமுன் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் உணர்த்தும். பிறர் தாள்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பேற்ற ஆசிரியர், ஆங்கில நாட்டுப் புதிய பதிப்பொன்றைத் தயங்காமல் வாங்கலாம். தனித்தனியே வாங்க இயலாதார், பள்ளி நூலகத்துக்கோ ஊர்ச் சங்க நூலகத்துக்கோ ஒன்று வாங்கி வைப்பின், பல குடும்பங்களுக்குப் பயன்படும்.