வட்டம் முட்டையானால்

கணினித் திரையில் வரைந்தது அச்சு அசல் வட்டம். பலகையில் வந்து விழுந்ததோ முட்டை.

வீட்டு மாடியறையில் கணினி சொல்கிறபடி வெட்டும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றைச் சின்னதாகப் பூட்டி ஓட்டிப் பார்த்த பலருக்கும் இந்த முட்டையோடு பரிச்சயம் உண்டு. பார்த்தவுடன் சந்தேகம் மென்பொருள்மீதுதான் பாயும். ‘சும்மா கிடைத்ததுதானே, வேறெப்படி இருக்கும்’ என்று அலுத்துக்கொண்டு இன்னொன்றை இறக்கி நிறுவுவார்கள். அதிலும் முட்டையே வரும். அந்த மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். கோணலாகப் பூட்டிய ஒரு சட்டமோ, தளர்ந்த திருகோ, அவசரத்தில் மாற்றித் தட்டிய ஓர் எண்ணோ எங்காவது ஒளிந்துகொண்டிருக்கும். பொழுதுபோக்காக இயந்திரம் கட்டுகிறவர் முதலில் பழக வேண்டியது அதைத் தேடிப் பிடிக்கத்தான்.

சி.என்.சி. என்றதும் கோவைப் பட்டறைகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்க உலோகம் கடையும் பெரிய இயந்திரங்கள் நினைவுக்கு வரலாம். வீட்டு ரகம் அவற்றின் குட்டித் தம்பி. அலுமினியச் சட்டம், வெட்டும் பிட்டைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில், அதை இடம்-வலமாகவும் முன்-பின்னாகவும் மேல்-கீழாகவும் நகர்த்த எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சுகள். உதிரியாகப் பெட்டியில் வந்து, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் ‘3018’ என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது. வேலை செய்யும் பரப்பு 30 செ.மீ.க்கு 18 செ.மீ. என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மரத்தில் பெயர்ப்பலகை செதுக்கலாம், அக்ரிலிக் வெட்டலாம், சர்க்யூட் போர்டில் செம்பைச் சுரண்டித் தடம் போடலாம். இரும்பை வெட்ட ஆசைப்பட்டால் பிட்தான் உடையும்.

இந்தத் தம்பியின் வம்சம் பெரியது. ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்து கொடுத்துவந்த மிச்சிகன்காரர் ஜான் பார்சன்ஸ், வளைந்த வடிவங்களை எண்களைக் கொண்டே வெட்ட முடியுமா என்று யோசித்ததில் தொடங்கிய கதை இது. அந்த யோசனை வளர்ந்து, 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைப் பொதுப்பார்வைக்கு வைத்தது. கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. வெற்றிடக் குழாய்கள் அடைத்த கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பீரோ பீரோவாக நின்றன.

அந்தப் பீரோக்கள் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்ததில் இரண்டு திருப்பங்கள் முக்கியமானவை. 1990களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், இயந்திரக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு மென்பொருளை எழுதி, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ஓட்டிப் பார்த்தது. அரசு ஊழியர்கள் எழுதியது என்பதால் அதற்குப் பதிப்புரிமைப் பூட்டு இல்லை. ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். முதலில் அதன் பெயர் இ.எம்.சி. அதே பெயரில் இருந்த ஒரு கணினிச் சேமிப்பு நிறுவனம் ஆட்சேபிக்க, 2011 வாக்கில் ‘லினக்ஸ் சி.என்.சி.’ என்று பெயர் மாறியது.

இரண்டாவது திருப்பம் 2009இல் நார்வேயில் நடந்தது. சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பவர் ‘ஜி.ஆர்.பி.எல்.’ என்ற சின்னஞ்சிறு நிரலை எழுதி வெளியிட்டார். அது ஓடுவதற்குத் தனிக் கணினிகூடத் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் கல்லூரி மாணவர்கள் பேரம் பேசி வாங்கும் ஆர்டுயினோ உனோ பலகை போதும். அதன் சில்லில் நிரலுக்கென்று இருக்கும் இடமே 32 கிலோபைட்தான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு இடம் வேண்டும்! அந்த 32 கிலோபைட்டுக்குள் மூன்று அச்சுகளையும் ஒரே நேரத்தில் வளைத்து ஓட்டும் கணக்கு முழுக்க அடங்கியிருக்கிறது.

புதிதாக இறங்குகிறவருக்கு ஜி.ஆர்.பி.எல். போதும். பழைய மில்லிங் இயந்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும், நான்காவது அச்சு வேண்டும், மோட்டாரின் நிலையை அளந்து திருத்தும் வசதி வேண்டும் என்று ஆசை வளரும்போது லினக்ஸ் சி.என்.சி. பக்கம் போகலாம். படம் வரைய ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப் இருக்கின்றன. வெட்டும் பாதையைச் சொல்லும் ஜிகோட் கட்டளைகளை வரிவரியாக இயந்திரத்துக்கு அனுப்ப யுனிவர்சல் ஜிகோட் சென்டர், சி.என்.சி.ஜே.எஸ். போன்றவை உண்டு. எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை.

முட்டைக்கு வருவோம்.

வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் கிடையாது. அவற்றை ஓட்டும் ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஓரடி வைக்கும். முழுச் சுற்றுக்கு 200 அடி. மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகை ஒவ்வோர் அடியையும் 16 துண்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 3,200 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்குரூ என்ற திருகில் பூட்டினால், ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்பு. ஜி.ஆர்.பி.எல்.லில் $100 என்ற வரியில் எக்ஸ் அச்சுக்காக எழுதப்படுவது இந்த எண்தான். பத்து மில்லிமீட்டர் போ என்றால் 8,000 துடிப்பை அனுப்பிவிட்டு, ‘போய்ச் சேர்ந்தாயிற்று’ என்று மென்பொருள் நம்பிக்கொள்ளும். கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பவரை நடுவில் யாரோ இடித்து நகர்த்தினாலும் அவர் எண்ணிக்கையை விடாமல் போய்க்கொண்டே இருப்பாரே, அதே கதை. மென்பொருளின் நம்பிக்கையும் மேசையின் நிலையும் எந்த இடத்தில் பிரிந்தன என்று கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பது.

அதற்கு வட்டத்தைப் போல ஒரு நல்ல சாட்சி இல்லை. வெர்னியரால் அளந்து பார்த்து, எக்ஸ் திசையிலோ ஒய் திசையிலோ நீண்டிருந்தால், அந்த அச்சின் துடிப்புக் கணக்கு தப்பு. சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், டிரைவர் பலகையில் அடியைப் பிரிக்கும் ஜம்பர் இடம் மாறியிருக்கிறது. 100 மி.மீ. கேட்டதற்கு 98 மி.மீ. வந்தால், பழைய எண்ணை 100ஆல் பெருக்கி 98ஆல் வகுத்துப் புது எண் போடும் வழக்கம் உண்டு. பெல்ட் இழுக்கும் இயந்திரத்துக்கு அது சரி. திருகில் ஓடும் இயந்திரத்தில் இரண்டு சதவீதப் பிழை வந்தால் எண்ணைத் திருத்துவதை ஒத்திப்போட்டு, எங்கோ வழுக்குகிறது என்று சந்தேகப்படுவது நல்லது.

வட்டம் மூலைவாட்டில் நீண்டிருந்தால் கணக்கில் பிழை இல்லை. எக்ஸும் ஒய்யும் செங்கோணத்தில் இல்லை. சட்டத்தைத் தளர்த்தி மறுபடி பூட்ட வேண்டும். இதற்கு எந்த மென்பொருளும் மருந்து தராது.

வட்டத்தின் நான்கு உச்சிகளிலும் சின்னத் தட்டையோ படியோ தெரிந்தால், பட்டறைக்காரர்கள் ‘பிளே இருக்கு’ என்பார்கள். அந்த நான்கு இடங்களில்தான் ஏதாவதோர் அச்சு திசை மாறுகிறது. நட்டுக்கும் திருகுக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைபடும்வரை மோட்டார் சுற்றும், மேசை நகராது. டயல் கேஜை ஒட்ட வைத்து, ஒரு மில்லிமீட்டர் முன்னே ஓட்டிப் பின்னே கொண்டுவந்தால், முள் எவ்வளவு குறைவாகத் திரும்புகிறதோ அவ்வளவு பிளே. லினக்ஸ் சி.என்.சி.யில் இதை ஈடுகட்ட ஓர் எண் கொடுக்க முடியும். ஆனால் வெட்டும்போது பிட் இழுக்கிற இழுப்பில் அந்த இடைவெளிக்குள் மேசை ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டுக்குக் கொஞ்சம் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் ஒட்டவே இல்லையா? இயந்திரம் அடி தவறியிருக்கிறது. காரணங்கள் பல இருந்தாலும் முதலில் தேட வேண்டியது மோட்டார் தண்டையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கில் உள்ள கடுகளவு கிரப் ஸ்குரூவை. தண்டின் மேலும் கப்ளிங்கின் மேலும் தொடர்ச்சியாக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். கோடு முறிந்திருந்தால் திருடன் அகப்பட்டான். ஐந்து ரூபாய்ப் பேனா செய்கிற இந்த வேலைக்கு ஈடான கருவி கடையில் கிடையாது.

கோடு முறியாமல் இருந்து, அடி மட்டும் தவறினால் முடுக்கத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டெப்பர் மோட்டாருக்கு வேகம் கூடக் கூட இழுவை குறையும். விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி ஓட்டினால் திணறி நின்றுவிடும். டிரைவருக்குப் போகும் மின்னோட்டம் போதாமலும் இருக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் இணைப்பைப் பிடுங்கினால் டிரைவர் சில் அந்த இடத்திலேயே உயிரை விடக்கூடும்.

இவற்றிலெல்லாம் அகப்படாத ஒரு கள்ளன் உண்டு. நேர்கோடுகள் எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் போகிற நுணுக்கமான செதுக்கலில் மட்டும் படம் மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நழுவும். துடிப்புச் சமிக்ஞை தலைகீழாக அமைந்திருந்தால் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஓரடி பிசகும்; பிசகு சேர்ந்துகொண்டே போகும். அமைப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்துவிடும். தெரியாதவர்கள் இதற்காக மோட்டாரையே மாற்றியிருப்பார்கள்.

மென்பொருள்மீது உண்மையிலேயே பழி போட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மிகச் சுலபமானது அளவு அலகு. ஜிகோட் கட்டளைகளில் ஜி20 என்றால் அங்குலம், ஜி21 என்றால் மில்லிமீட்டர். நான்கு அங்குலப் பெயர்ப்பலகை நான்கு மில்லிமீட்டர் கிறுக்கலாக வந்தால் கோபப்படுவதைவிடச் சிரித்துவிடலாம்.

லினக்ஸ் சி.என்.சி.யில் நேரத் தாமதம் என்றொரு சிக்கல் உண்டு. கணினியின் பழைய பேரலல் போர்ட் வழியாகத் துடிப்புகளை அனுப்பும் அமைப்பில், மேலே சொன்ன 800 கணக்குப்படி நிமிடத்துக்கு 1,200 மி.மீ. வேகத்தில் ஓட்ட விநாடிக்கு 16,000 துடிப்பு வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 62.5 மைக்ரோவிநாடிதான். அந்த நேரத்தில் கணினி ‘இதோ வந்துவிட்டேன்’ என்று 100 மைக்ரோவிநாடி வேறெங்காவது போய்விட்டு வந்தால் துடிப்பு நொண்டும், மோட்டார் தடுமாறும். சினிமா பார்க்கவும் விளையாடவும் அருமையாக ஓடுகிற மடிக்கணினி இந்தத் தேர்வில் அனேகமாகத் தோற்றுப்போகும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அது அடிக்கடி கண்ணயர்வதே காரணம். யாரும் சீண்டாத அலுவலகத்துப் பழைய டெஸ்க்டாப் சில நேரம் வென்றுவிடும்.

தாமதத்தை அளக்கும் சோதனை நிரல் கூடவே வருகிறது. அதை ஓட விட்டுவிட்டு, பெரிய கோப்புகளை நகலெடுத்தும் சாளரங்களை இழுத்தடித்தும் கணினியை நன்றாகத் தொல்லை செய்ய வேண்டும். 20 மைக்ரோவிநாடிக்குள் நின்றால் அந்தக் கணினி தங்கம். 100ஐத் தாண்டினால், பயாஸ் அமைப்பில் மின்சேமிப்பு வசதிகளை அணைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் துடிப்பு வேலையைத் தனியே செய்யும் மீசா போன்ற அட்டையை வாங்கிப் பூட்டலாம். இப்படித் தாமதமில்லாமல் ஓடும் நிகழ்நேர வேலைக்கான வசதியை லினக்ஸின் கருநிரலில் முன்பெல்லாம் தனியாக ஒட்டுப்போட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது.

மென்பொருளின் பிழை போலத் தோன்றும் இன்னொரு தொல்லை, ஜி.ஆர்.பி.எல்.லில் நடுவழியில் இயந்திரம் தானாக நின்று ‘அலாரம் 1’ என்று காட்டுவது. அச்சின் ஓரத்தில் உள்ள எல்லை ஸ்விட்ச் அழுந்திவிட்டது என்பது அதன் பொருள். போய்ப் பார்த்தால் ஸ்விட்ச் பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, பலகை இல்லாமல் காற்றில் அதே வேலையை ஓட்டிப் பார்த்து அலாரம் வராவிட்டால் விடை கிடைத்துவிட்டது: ஸ்பிண்டிலின் மின் இரைச்சலை ஸ்விட்ச் ஒயர் ஆன்டெனா போலப் பிடித்துக் கொடுக்கிறது. இரண்டு ஒயரையும் ஒன்றாகக் கட்டி ஓட்டியதன் பலன். பிரித்து ஓட்டி, உறை போட்ட கேபிள் மாற்றி, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் பெரும்பாலும் அடங்கும். ஸ்விட்சை எப்போதும் மூடிய நிலையில் இருக்கும்படி இணைப்பது இன்னும் நல்லது. ஒயர் அறுந்தால்கூட இயந்திரம் நின்றுவிடும்.

நிற்பது என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று. திரையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. ஸ்பிண்டிலுக்கும் மோட்டாருக்கும் போகும் மின்சாரத்தையே அறுக்கும் காளான் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. சுழலும் பிட் துணியோடு விரலையும் சேர்த்து இழுத்துவிடும். மொண்ணையான பிட் மரத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தீப்பிடிக்கவும் வைக்கும். ஓடும் இயந்திரத்தைத் தனியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

புதிதாகப் பூட்டி முடித்தவர்கள் முதல் வட்டத்தை மரத்தில் வெட்ட வேண்டாம். ஸ்பிண்டிலை இயக்காமல், பிட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, மேசையில் காகிதத்தை ஒட்டி, 100 மி.மீ. சதுரமும் அதற்குள் ஒரு வட்டமும் வரையச் சொல்லுங்கள். வட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். பிறகு சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும். இரண்டும் 141.4 மி.மீ. காட்டினால் பேனாவைக் கழற்றிவிட்டுப் பிட்டை மாட்டலாம்.