வராத பிள்ளை எங்கே?

காலை மணி அடித்தாயிற்று. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். "உள்ளேன் ஐயா" என்ற குரல் வரிசையாய் வருகிறது. ஒரு பெயருக்கு மட்டும் குரல் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார். "அவ இன்னிக்கு வரல சார்" என்கிறான் பின்வரிசைப் பையன். பேனா ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறது.

அந்தக் குறியைப் பற்றித்தான், தோழர்களே, இன்று பேச நினைக்கிறோம்.

விசைத்தறி ஓடும் ஊரொன்றில் நம் தோழர் ஒருவர் இருக்கிறார். இரவு ஷிப்டுக்காரர். சென்ற ஆண்டு அவர் மகள் எட்டாம் வகுப்பு. அவருடைய தாயார் நோயில் படுத்துவிட, மனைவி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணமோ கழுத்தை நெரித்தது. "நாலு நாள்தானே" என்று மகளைப் பக்கத்துப் பட்டறைக்குத் தார் சுற்ற அனுப்பினார். நாலு நாள் பத்து நாளாயிற்று. பள்ளிக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லை. எப்படிச் சொல்வது என்ற கூச்சம். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அது எப்போதோ மாற்றிவிட்ட பழைய எண். பதினோராம் நாள் வகுப்பாசிரியையே வாசலில் வந்து நின்றார். தூக்கக் கலக்கத்தோடு எழுந்த தோழர் சொன்னது என்ன தெரியுமா?

"காய்ச்சல் டீச்சர்."

சுவருக்கு அந்தப்புறம் தார் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

காய்ச்சல்! நம் நாட்டு விடுப்புக் கடிதங்களில் இதைத் தவிர வேறு காரணம் எழுதப்படுவதுண்டோ? "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று மனப்பாடமாய் எழுதாதவர் நம்மில் யார்? நாமும் எழுதியவர்கள்தாம். ஆனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றதும் காய்ச்சல், வயதுக்கு வந்த பெண்ணை நிறுத்தி வைத்ததும் காய்ச்சல், நோட்டு வாங்கக் காசில்லாததும் காய்ச்சல் என்றால், பள்ளிக்கூடம் எந்த நோய்க்கு மருந்து தேடும்?

செங்கல் சூளைக் குடும்பங்களைப் பாருங்கள். பொங்கல் கழிந்ததும் பிள்ளைகுட்டிகளோடு சூளைக்குப் போகிறவர்கள் மழைக்கு முன்புதான் திரும்புகிறார்கள். இடையில் ஆண்டுத் தேர்வு வந்து போய்விடுகிறது. போகிற ஊரின் பெயரைப் புறப்படுமுன் பள்ளியில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று காட்டி எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாதென்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இது எத்தனை சூளைத் தொழிலாளிக்குத் தெரியும்?

பிள்ளை ஏன் வரவில்லை என்று உண்மையாகவே கேட்டவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். பசி என்பது விடையாக வந்தது. 1920இல், தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதியச் சோறு போட முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! பிள்ளைகள் வந்தார்கள். அந்த ஓரணாவும் வெள்ளை அரசின் கண்ணை உறுத்தியது; 1925இல் நின்றது. பிறகு 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. பசிக்கு விடை கண்டோம். முன்பணக் கடனுக்கும் நோயாளிப் பாட்டிக்கும் விடை காண வேண்டாமா?

இங்கிலாந்தில் பிள்ளை வராத முதல் நாள் காலையிலேயே பெற்றோர் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பள்ளியே கூப்பிட்டு விசாரிக்கும். பள்ளி ஒப்புக்கொள்ளாத விடுப்பு நீண்டால் அபராதமும் உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுன், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அந்த முதல் நாள் விசாரணையை நாம் வரவேற்கிறோம். அபராதம் நமக்கு ஆகாது. கூலிக்காரன் வீட்டில் அபராதம் அரிசிப் பானையிலிருந்துதான் போகும். நம் சட்டம் இதில் மேலானது. பிள்ளை சேர்ந்ததா, வருகிறதா, படித்து முடிக்கிறதா என்று கண்காணிக்கும் கடமையை அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும் அது வைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்தக் குழுவில் தோழர்களே, நீங்கள் இருக்கிறீர்களா? இருந்தால், கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புகிறீர்களா, அல்லது பதிவேட்டைக் காட்டச் சொல்கிறீர்களா? தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டி, இறந்தவர் யார், குடிபெயர்ந்தவர் யார் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறோம். நம் தெருவில் மூன்று நாளாய்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளை எது என்று கேட்டால் விழிக்கிறோம். கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தறிக்காரத் தோழரின் கதைக்கு வருவோம். ஆசிரியை சண்டை பிடிக்கவில்லை. 14 வயது நிரம்பாத பிள்ளையை அடுத்தவர் பட்டறையில் வேலைக்கு வைப்பது குற்றம் என்பது தோழருக்கும் தெரியும். மேடையில் பேசியவர்தான் அவர். அன்று மாலை கிளைத் தோழர்களிடம் வந்து உள்ளதைச் சொல்லி அழுதார். ஆஸ்பத்திரித் துணைக்கு நம் வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். பதின்மூன்றாம் நாள் அந்தப் பெண் பள்ளிக்குப் போனாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு.

சென்ற மாதம் அவள் மறுபடி ஒரு நாள் போகவில்லை. காலை எட்டரைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தகப்பனாரின் கடிதம் போய்விட்டது. பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆளில்லை, நாளைக்கு வந்துவிடுவாள் என்று எழுதியிருந்தார். கீழே புது எண்ணையும் குறித்திருந்தார்.