மலையிறக்கமும் பிரேக் ஆயிலும்

திண்டுக்கல் சமவெளிக் கார்களுக்கு வெயிலே பெரும் சோதனை என்று கருதப்பட்டாலும், ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலுள்ள நகரிலிருந்து வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலுக்குச் சென்று திரும்புகையில், அதுவும் இறக்கத்தில்தான், பராமரிப்பின் குறை வெளிப்படுகிறது. இறங்கும் வண்டியைப் பிரேக்கால் தொடர்ந்து தடுக்கும்போது உண்டாகும் வெப்பம், பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பிரேக் ஆயிலையும் சூடாக்குகிறது. காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடைய இத்திரவத்தின் டாட் 4 வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீத அளவுக்கு நீர் சேர்ந்தபின் அவ்வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும் என்பதால், கொதிப்பில் தோன்றும் ஆவிக்குமிழிகள் நசுங்கி அழுத்தத்தை விழுங்க, பெடல் அடிவரை இறங்கியும் வண்டி நிற்காமல் போகலாம். கிலோமீட்டர் கணக்குப் பார்த்து எஞ்சின் ஆயிலை மாற்றும் உரிமையாளர்கள் பலர், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இதனை மறந்துவிடுவது வியப்புக்குரியது. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய ஓட்டுநர் வழக்கம், எஞ்சினையே தடையாக்கிப் பிரேக்கின் சுமையைக் குறைக்கிறது.

டயரைப் பொறுத்தவரை, பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாதிருப்பதையும், ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையிலேயே, காற்றழுத்தத்தையும் பார்ப்பது போதுமானது. ஸ்டெப்னிக்கும் இதுவே பொருந்தும்.