புளித்த மண்ணும் பூசணத்தின் துணையும்

மரம் நடும் விழாக்களுக்கு நம் பகுதியில் குறைவில்லை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பள்ளி முற்றங்களிலும் தெருவோரங்களிலும் ஆண்டுதோறும் கன்றுகள் ஊன்றப்படுகின்றன. எனினும் அவற்றுள் பல மறு கோடையைக் காணாமலே கருகிவிடுகின்றன. தண்ணீர் ஊற்றாமையே காரணம் என்பர். அது பாதி உண்மை. மறு பாதி மண்ணுக்குள் இருக்கின்றது.

மண்ணின் கார அமில நிலையைக் குறிக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அது 5.5-க்குக் கீழே இறங்கின், மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து இளவேர்களைத் தாக்கும். மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் சிறைப்படுத்திவிடும். உரமிட்டும் கன்று பட்டினி கிடக்கும். கிளிஞ்சல் கலந்த நம் கடற்கரை மணலில் இக்குறை அரிது. ஆனால், பள்ளம் நிரப்ப லாரிகளில் வரும் செம்மண்ணிலும், காய்ந்து கிடக்கும் கழிமுகச் சேற்றிலும் இது நேரலாம். சேற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகின்றன. 1971 முதல் நம் மணலியில் உற்பத்தியாகும் யூரியாவும், அளவு மீறித் தொடர்ந்து இடப்பட்டால், மண்ணைப் புளிக்கச் செய்யும்.

இவ்விடத்தில் துணை வருவது கண்ணுக்குப் புலப்படாத பூசணம். வேரும் பூசணமும் கூடி வாழும் உறவுக்கு 1885-இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் நீரையும் பூசண இழைகள் கொணர, மரம் கைம்மாறாகச் சர்க்கரை அளிக்கின்றது. போர்ட்டோ ரிக்கோ தீவில் பலகாலம் தோல்வியுற்ற பைன் கன்றுகள், 1950-களில் பைன் காட்டு மண் இடப்பட்ட பின்னரே தழைத்தன.

வேம்பு, புங்கம், பூவரசு ஆகியவற்றுக்கு ஏற்றது 'வேம்' எனப்படும் வேர் உட்பூசணம். பாலித்தீன் பையில் கன்று வளர்ப்போர், பை ஒன்றுக்கு 5 முதல் 10 கிராம் இட்டால் போதும். விதைக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீழே அது அமைய வேண்டும். மட்கிய தொழு உரமும் சேர்க்கலாம். அமில மண்ணில் பாறைப் பாஸ்பேட் மெல்லக் கரைந்து மணிச்சத்தைத் தரும். சூப்பர் பாஸ்பேட்டை மிகுதியாக இட்டால் பூசணம் வேரோடு சேர மறுக்கும். பூசணக்கொல்லி மருந்தோ அதனையே அழித்துவிடும்.

எதற்கும் முதற்படி மண் பரிசோதனை. புளிப்பு உறுதியானால் மட்டுமே, பரிசோதனை கூறும் அளவில் சுண்ணாம்பு இடுக. நட்ட கன்றுகளை எண்ணி மகிழ்வதை விட, மூன்றாம் ஆண்டில் நிழல் தரும் மரங்களை எண்ணுவதே சிறப்பு. ஆலைப் புகையிடையே வளரும் நம் குழந்தைகளுக்கு அந்நிழல் இன்றியமையாதது.